நகல் குகை ஓவியங்களைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: லாஸ்கோ முதல் அல்டாமிரா வரை

ஆதி மனிதர்கள் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகையை 1963-லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். அதே நாட்டின் ஷோவே குகை மக்களுக்காகத் திறக்கப்படவே இல்லை. ஸ்பெயினின் அல்டாமிராவும் நம்மைப் போன்றவர்களுக்கு மூடியது மாதிரிதான். ஆக, நாம் போய்ப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பக்கத்தில் கட்டி வைத்திருக்கும் நகல்களைத்தான். நகல் என்றதும் பலருக்கு ஒரு நினைப்பு வந்துவிடுகிறது: அசல்தான் இல்லையே, இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று. லட்சக்கணக்கில் செலவு செய்து போய், வாசலில் “கேமராவைப் பைக்குள் வையுங்கள்” என்று சொல்லும்போதுதான் விஷயம் புரியும்.

எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, எந்த நேரத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும், எந்த லென்ஸ் வேண்டும் என்பதெல்லாம் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதைத் தேடிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்களும் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டில் கிளம்புகிறவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பாரிசிலோ லண்டனிலோ இருப்பவர்கள் தங்களுக்குத் தேவையில்லாத படியைத் தாண்டிப் போகலாம்.

1. எந்த நகல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அப்புறம். படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால், எங்கே போகிறோம் என்பதே பாதி வேலை.

லாஸ்கோ 4: தோர்தோன் வட்டாரத்தில் மொந்தின்யாக் ஊரின் ஓரம், அசல் குகை இருக்கும் அதே குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. 2016 டிசம்பரில் திறந்தார்கள். குகையை ஏறக்குறைய முழுதாகவே நகலெடுத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு நகல் குகையைச் சுற்றிவிட்டு வெளியே வந்ததும் ‘அத்தெலியே’ என்ற பெரிய கூடம் வரும். கறுப்புப் பசு, நீந்தும் மான்கள், முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு காட்டெருமைகள் போன்ற பகுதிகளின் நகல்கள் அங்கே கூரையிலிருந்து தொங்குகின்றன. அந்தக் கூடத்தில் வழிகாட்டி கிடையாது, அவசரமும் கிடையாது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான். குகைப் பகுதிக்குள் எடுப்பது பற்றி மட்டும், கிளம்பும் முன் வழிகாட்டி என்ன சொல்கிறாரோ அதுவே விதி.

லாஸ்கோ 2: இது 1983-இல் திறந்த பழைய நகல். அசலுக்குச் சுமார் 200 மீட்டர் தள்ளி இருக்கிறது. காளைகள் கூடமும் அதை ஒட்டிய ஒரு குகைவழியும் மட்டும்தான். பார்ப்பதற்கு அருமை. படத்துக்காகப் போவதென்றால் 4-க்கே போங்கள். டிக்கெட் எடுக்கும்போது இரண்டில் எது என்று கவனமாகப் பாருங்கள், இணையத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும்.

ஷோவே 2: அர்தெஷ் வட்டாரத்தில், வல்லோன்-போன்-தார்க் அருகே இருக்கிறது. 2015 ஏப்ரலில் திறந்தது. சிங்கங்கள், காண்டாமிருகங்கள், குதிரைத் தலைகள் எல்லாம் இங்கேதான். நகல் குகைக்குள் படம் எடுக்கத் தடை. வெளியே உள்ள கண்காட்சிக் கூடத்தில் எடுக்கலாம்.

கோஸ்கேர்: மார்செய் துறைமுகத்தில், வில்லா மெதித்தெரானே கட்டடத்துக்குள் 2022 ஜூனில் திறந்தது. அசல் குகையின் வாசல் கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே இருக்கிறது. இங்கே ஆறு பேர் உட்காரும் வண்டியில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் சுற்றிக் காட்டுகிறார்கள். குகைப் பகுதியில் படம் எடுக்கத் தடை. எப்படியும் ஓடும் வண்டியில், அந்த இருட்டில், படம் கலங்கித்தான் வரும். கேமராவை மறந்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

அல்டாமிரா: ஸ்பெயினின் வடக்கே, சாந்தில்யானா தெல் மார் ஊரில் இருக்கிறது. நகலுக்கு நியோகுவேவா என்று பெயர், 2001-இல் திறந்தது. கூரை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகக் காட்டெருமைகள். நகலுக்குள் எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள், அன்றைக்கு அனுமதி கிடைத்தால் லாபம். அருங்காட்சியகப் பகுதி தனி.

மத்ரித்: தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், தரைக்கு அடியில், அல்டாமிரா கூரையின் இன்னொரு நகல் இருக்கிறது. 1964-இலிருந்தே இருக்கிறது. சின்ன அறைதான். ஆனால் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். வடக்கே போக நேரம் இல்லாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோர்தோனில் ஃபோன்-தெ-கோம் போன்ற சில அசல் குகைகளுக்குள் இன்றும் ஆட்களை விடுகிறார்கள். அங்கே படம் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டுப் பார்க்கலாமே என்று முயலவும் வேண்டாம். மூச்சுக் காற்றும் வெளிச்சமும் ஓவியங்களைக் கெடுத்ததால்தான் லாஸ்கோவையே மூடினார்கள்.

2. விசா: எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது?

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமாகத் தங்கினால் முதலில் நுழையும் நாட்டுக்கு. பிரான்ஸ் விண்ணப்பங்களைச் சென்னையில் வி.எஃப்.எஸ். மையமும், ஸ்பெயின் விண்ணப்பங்களை பி.எல்.எஸ். மையமும் வாங்குகின்றன. லாஸ்கோவில் மூன்று இரவு, சாந்தாந்தேரில் (அல்டாமிராவுக்குப் பக்கத்து ஸ்பெயின் நகரம்) நான்கு இரவு என்று திட்டம் போட்டுவிட்டு, பாரிசில்தானே இறங்குகிறோம் என்று பிரான்ஸ் மையத்தில் போய் நிற்காதீர்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ (2024 ஜூன் முதல்), 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். இது போக மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது பொதுவான கணக்கு, 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடம் உண்டு. கோடை விடுமுறைக்கு அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம். ஜூலைப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

தேவைப்படும் காகிதங்கள்:

- பாஸ்போர்ட். கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும்.
- பயணக் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும்.
- வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி ரிட்டர்ன், வேலை செய்யும் இடத்து விடுப்புக் கடிதம்.
- ஹோட்டல் முன்பதிவு, விமான முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம்.

ஹோட்டல் முன்பதிவில் உங்களோடு வரும் எல்லார் பெயரும் இருக்கட்டும். ஒரு கவுண்டரில் என் முன்பதிவுத் தாளில் உடன் வந்தவர் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஹோட்டலுக்கு மெயில் போட்டுத் திருத்திய தாளை வாங்கி, மறுபடி அப்பாயிண்ட்மென்ட் எடுக்க வேண்டியதாயிற்று. பயணத் திட்டத்தில் ‘லாஸ்கோ 4, மொந்தின்யாக்’, ‘அல்டாமிரா அருங்காட்சியகம்’ என்று இடங்களின் பெயரையே எழுதுங்கள். எதற்காகப் போகிறீர்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

சுற்றுலா விசாவில் போகிறவர் சுற்றுலாப் பயணியாகவே படம் எடுக்க வேண்டும். பத்திரிகைக்கோ நிறுவனத்துக்கோ கூலிக்கு எடுப்பதாக இருந்தால் அது வேறு வகை, விண்ணப்பிக்கும் முன்பே தூதரகப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

3. நுழைவு டிக்கெட்: நேரம்தான் முக்கியம்

லாஸ்கோ 4-இலும் ஷோவே 2-இலும் வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். டிக்கெட்டில் நாளோடு மணியும் மொழியும் இருக்கும். பிரெஞ்சுச் சுற்றுகள் நாள் முழுக்க உண்டு, ஆங்கிலச் சுற்றுகள் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் ஆங்கிலச் சுற்று வேண்டுமென்றால் சில வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். லாஸ்கோ 4-க்குப் பெரியவர் கட்டணம் இருபது யூரோவுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே பாருங்கள், அங்கேயே வாங்குங்கள். இடைத்தரகர் தளங்களில் அதே டிக்கெட்டுக்குக் கூடுதல் விலை வைத்திருப்பார்கள். ஜனவரியில் சில வாரம் மூடுவார்கள் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

காலை முதல் சுற்றா, மாலைக் கடைசிச் சுற்றா? படம் எடுக்கிறவருக்கு நான் மாலைப் பக்கம்தான் சொல்வேன். ஆனால் கடைசிச் சுற்று வேண்டாம், அதற்கு முந்தையது. கூட்டம் குறைந்திருக்கும், வெளியே வந்த பிறகு அத்தெலியே கூடத்தில் மூடும்வரை நேரம் கிடைக்கும். கடைசிச் சுற்றில் போனால் நல்ல பகுதிக்கு வரும்போது விளக்கை அணைக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அல்டாமிராவில் கட்டணம் 3 யூரோ. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் இலவசம், திங்கள் விடுமுறை. இலவசம் என்று ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டம் அள்ளும், மதியம் 3 மணிக்கே மூடியும் விடுவார்கள். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் போவது நல்லது, மிச்சமாகும் 3 யூரோவுக்காக ஒரு நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நியோகுவேவாவுக்கு உள்ளே போகும் நேரம் தனியாகக் கொடுப்பார்கள், டிக்கெட்டோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லா இடத்துக்கும் 20 நிமிடம் முன்பே போய்விடுங்கள். குழு கிளம்பிய பிறகு வருகிறவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், பணமும் திரும்பாது.

4. போய்ச் சேர்வது

லாஸ்கோதான் இதில் சிக்கலானது. பாரிஸ் ஆஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரீவ் ஊருக்கு நேர் ரயில் உண்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரீவிலிருந்து மொந்தின்யாக் சுமார் 40 கிலோமீட்டர். பக்கத்து ரயில் நிலையம் கோந்தா-லெ-லார்தேன், 10 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அங்கே இறங்கிவிட்டு ஆட்டோ பிடிப்பது போல ஏதாவது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டாக்சியை முந்தின நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும். ஊருக்குள் ஹோட்டல் எடுத்துவிட்டால் லாஸ்கோ 4-க்கு நடந்தே போகலாம், அதனால் கொஞ்சம் விலை கூடினாலும் மொந்தின்யாக்கிலேயே தங்குங்கள்.

கார் எடுப்பதாக இருந்தால், கிளம்பும் முன் ஊரிலேயே ஆர்.டி.ஓ. மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வாடகைக் கம்பெனிகள் ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் வேலைக்காகாது. முன்பணமாக ஒரு பெரிய தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள், வரம்பு போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிகள் பெரும்பாலும் கியர் வண்டிகள், அதுவும் நமக்கு எதிர்ப்பக்கம்.

அல்டாமிராவுக்குச் சாந்தாந்தேரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சாந்தில்யானாவுக்குப் பஸ் உண்டு, அங்கிருந்து அருங்காட்சியகம் 2 கிலோமீட்டர், மேடான சாலை. மார்செய் கோஸ்கேருக்குப் பழைய துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம். ஷோவே 2-க்குக் கார் இல்லாமல் போவது ஒரு நாள் வேலை, வாலான்ஸ் அல்லது மோந்தெலிமார் பக்கம் இறங்கிப் பஸ் பார்க்க வேண்டும். உள்ளே படம் எடுக்க முடியாத இடத்துக்கு அவ்வளவு சிரமமா என்றால், சிங்கங்களை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் போங்கள்.

5. கேமராப் பை: குறைவாக, சரியாக

ஸ்டாண்ட் வேண்டாம். ட்ரைபாட், மோனோபாட், செல்ஃபி குச்சி எதையும் உள்ளே விட மாட்டார்கள். பெரிய முதுகுப்பையையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். ஆகவே ஒரு கேமரா, ஒரு லென்ஸ், தோளில் மாட்டும் சின்னப் பை போதும்.

லென்ஸ் விஷயத்தில் ஒரே ஒரு கருத்துதான் எனக்கு: ஜூம் வேண்டாம், வெளிச்சம் அதிகம் வாங்கும் 35 மி.மீ. எஃப்/1.8 போன்ற ஒன்று போதும். குகைக்குள் கூட்டத்தோடு நிற்கும்போது கால்தான் ஜூம். 16 மி.மீ. போன்ற அகல லென்ஸ் எடுத்தால் முழுக் கூரையும் வரும், ஆனால் ஓரத்தில் இருக்கும் காளையின் கழுத்து இழுபட்டுப் போகும். உருவத்தின் அளவும் வளைவும்தான் அந்த ஓவியங்களின் உயிர். லாஸ்கோவின் பெரிய காளை ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். அதை முழுதாகப் பிடிக்க ஆசைப்படாமல் தலையையும் முன்னங்காலையும் ஒரு படமாக, முதுகுக் கோட்டை இன்னொரு படமாக எடுத்துவிடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். நைட் மோடு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது பாறையின் சொரசொரப்பை வழவழப்பாக்கிவிடும். புரோ மோடில் ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் படம்) எடுக்க வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

விமானத்தில் உபரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. விலை உயர்ந்த கேமரா என்றால், புறப்படும்போது சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸில் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள். சீரியல் எண்ணோடு ஒரு பட்டியலும் வாங்கிய பில்லின் நகலும் போதும். திரும்பி வரும்போது இதை வெளிநாட்டில் வாங்கினீர்களா என்ற கேள்விக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லும். இதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே போங்கள்.

ஒரு ஸ்வெட்டரும் வேண்டும். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் நகல் குகைக்குள் அசலைப் போலவே குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள். குளிரில் கை நடுங்கினால் படமும் நடுங்கும்.

6. செட்டிங்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்

உள்ளே போய் மெனுவைத் தேடும் நேரம் கிடைக்காது. வெளிச்சமான திரையை இருட்டில் தட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் எரிச்சல்.

ஃபிளாஷை அணையுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதோடு ஃபோகஸுக்கு உதவ முன்பக்கம் எரியும் சின்ன விளக்கையும் அணையுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் சுவரில் பளிச்சென்று விழும், வழிகாட்டி உடனே திரும்பிப் பார்ப்பார். போன் என்றால் பின்பக்க டார்ச் தானாக எரியாதபடி பாருங்கள். பீப் சத்தத்தை நிறுத்துங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், எடுத்த படம் தானாகத் திரையில் வருவதையும் நிறுத்துங்கள்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஒரு பொறி இருக்கிறது. எல்.இ.டி. விளக்கின் கீழே படத்தில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் விழும். நம் ஊரைப் போலவே அங்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் பட்டை வராது. முதல் படத்தை எடுத்ததும் ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் சாதாரண ஷட்டருக்கு மாறுங்கள்.

நான் தொடங்கச் சொல்லும் அளவுகள்: எஃப்/2, 1/50 நொடி, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200. இருட்டாக இருந்தால் 6400 வரை போகலாம். புள்ளி புள்ளியாக வருவதைப் பின்னால் சரிசெய்ய முடியும், ஆடிப்போன படத்தைச் சரிசெய்யவே முடியாது. எக்ஸ்போஷரை முக்கால் படி குறைத்து வையுங்கள். சுற்றிலும் கறுப்பாக இருப்பதால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை எரிந்துபோகும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். காவி நிறச் சுவரைப் பார்த்ததும் ஆட்டோ அதை நீலமாக்கப் பார்க்கும். 3200 கெல்வினில் பூட்டிவிட்டு, ராவில் எடுத்து, பிறகு நிதானமாகச் சரிசெய்யுங்கள்.

ஃபோகஸ் புள்ளியை வெற்றுப் பாறையில் வைத்தால் கேமரா முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். கொம்பு, வயிற்றுக் கோடு, குளம்பு என்று கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரத்தில் வையுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் இரவில் ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டு, பூசாத சுவரில் காலண்டரை மாட்டி, கையில் பிடித்தே எடுத்துப் பழகுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு, மூன்று படமாக அடுத்தடுத்து அழுத்துங்கள். மூன்றில் ஒன்று நிச்சயம் தெளிவாக இருக்கும்.

7. உள்ளே போன பிறகு

கவுண்டரிலேயே கேளுங்கள்: “எந்தப் பகுதியில் எடுக்கலாம், எந்தப் பகுதியில் கூடாது?” விதி கட்டடத்துக்கு ஒன்றல்ல, அறைக்கு ஒன்று. பலகையில் ‘சான் ஃபிளாஷ்’ என்று இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ‘ஆந்தெர்தி’ என்ற சொல் இருந்தால் தடை. ஸ்பெயினில் ‘சின் ஃபிளாஷ்’, ‘புரோஹிபிதோ’. குழு கிளம்பும் முன் வழிகாட்டியிடம் கேமராவைக் காட்டி, ஃபிளாஷை அணைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களைச் சந்தேகத்தோடு பார்க்க மாட்டார், சில நேரம் நல்ல இடத்தில் நிற்கவும் சொல்வார்.

குழுவின் கடைசியில் நில்லுங்கள். முன்னால் நின்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருபது பேர் காத்திருப்பார்கள். கடைசியில் நின்றால், குழு அடுத்த கூடத்துக்கு நகரும்போது சுவர் சில நொடி உங்களுக்கே உங்களுக்காக இருக்கும். அந்த நேரத்தில் எடுத்துவிட்டு உடனே சேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் நின்றால் பின்னால் வரும் குழு வந்துவிடும்.

வழிகாட்டி பேசும்போது எடுக்காமல் கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. அவர் கையிலிருக்கும் விளக்கைப் பக்கவாட்டில் சாய்க்கும்போதுதான் பாறையின் மேடு பள்ளம் எழுந்து நிற்கும், எங்கே வயிறு புடைக்கிறது, எங்கே தோள் வருகிறது என்று தெரியும். எதை எடுக்க வேண்டும் என்பதை அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். நேருக்கு நேர் விழும் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் தட்டையாகி, சுவரொட்டியைப் படம் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

லாஸ்கோவில், காளைகள் கூடத்தை ஒட்டிய குகைவழியின் கோடியில் தலைகீழாக விழும் குதிரை ஒன்று உண்டு. பாறையின் வளைவைச் சுற்றிக்கொண்டு வரைந்திருப்பதால், ஒரே இடத்தில் நின்று முழுக் குதிரையையும் பார்க்கவே முடியாது. அதை ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். இடமிருந்து வலமாக நகர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி மூன்று படம் எடுங்கள். அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது வரைந்தவன் என்ன செய்திருக்கிறான் என்பது படத்திலேயே தெரியும். கறுப்புப் பசுவைச் சுற்றிச் செதுக்கிய நுண்ணிய கோடுகளும் அப்படித்தான். நேராக நின்றால் தெரியாது, ஓரத்துக்குப் போய்ச் சாய்வாகப் பாருங்கள். அத்தெலியேவில் வெளிச்சம் மாறுகிறதென்றால் அந்த மாற்றம் ஒரு முறை முடியும்வரை காத்திருந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை எடுங்கள்.

எதையும் தொடாதீர்கள், கம்பியில் சாயாதீர்கள். நகல்தான் என்றாலும், ஓவியர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கையால் வரைந்தவை அவை. அல்டாமிராவில் நகல் கூரையை வரைந்த பெத்ரோ சவுராவும் மத்தில்தே முஸ்கிஸும் அசலில் இருப்பது போன்ற இயற்கை நிறமிகளையே பயன்படுத்தினார்கள். அந்த உழைப்புக்கும் அசலுக்குக் கொடுக்கும் மரியாதை உண்டு.

வெளியே வந்ததும் கேமராவை உடனே பையிலிருந்து எடுக்க வேண்டாம். குளிரிலிருந்து வெயிலுக்கு வரும்போது லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடி கால் மணி நேரம் விடுங்கள்.

8. தடை உள்ள இடத்தில்

ஒளித்து எடுக்காதீர்கள். வெளியேற்றுவார்கள் என்பது இருக்கட்டும், உங்களுக்கு அடுத்து வரும் நம் ஆட்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக, கேமராவை லாக்கரில் வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். நான்கே கோட்டில் ஒரு சிங்க முகத்தைப் போட்டுப் பாருங்கள், அசலை வரைந்தவர் எந்தக் கோட்டை முதலில் போட்டிருப்பார் என்ற கேள்வி தானாக வரும். வெளியே கடையில் நல்ல தபால் அட்டைகளும் புத்தகங்களும் கிடைக்கும், அவை நாம் எடுப்பதைவிடத் தரமான படங்கள்.

9. வெளியிடும் முன்

அசல் ஓவியத்துக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. நகல் அப்படியல்ல. அதை உருவாக்கியவர்களும் நடத்தும் நிறுவனமும் உரிமை கோரலாம். வீட்டு ஆல்பம், நண்பர்களுக்குக் காட்டுவது வரை பிரச்சினை இல்லை. புத்தக அட்டை, விளம்பரம், டி-சர்ட், படம் விற்கும் தளங்கள் என்று பணம் வரும் எதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். பொதுவில் இலவசமாகத் தரும் தளங்களில் ஏற்றுவதும் இதே வகைதான். அங்கே ஏற்றினால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று நீங்கள் அனுமதி கொடுத்ததாகிவிடும், கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதி கேட்க, அந்தந்த நிறுவனத்தின் தகவல் தொடர்புப் பிரிவுக்கு மெயில் அனுப்ப வேண்டும். எந்தப் படம், எங்கே வெளியாகும், எத்தனை பிரதிகள், விலை உண்டா என்ற நான்கும் முதல் மெயிலிலேயே இருக்கட்டும். பிரான்சுக்குப் பிரெஞ்சிலும் ஸ்பெயினுக்கு ஸ்பானிஷிலும் நாலு வரி சேர்த்தால் பதில் சீக்கிரம் வரும். ஆகஸ்டில் அனுப்பினால் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். பதில் வரவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறத்தை ஏற்றாதீர்கள். மென்பொருளில் செறிவை ஒரு இழுப்பு இழுத்தால் காவி ரத்தச் சிவப்பாகிவிடும், பார்க்கிறவர் குகையில் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுவார்.

கடைசியாக, படக்குறிப்பில் ‘நகல்’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். “லாஸ்கோ குகை ஓவியம்” என்று மட்டும் போட்டால், மூடிய குகைக்குள் யாரோ ஃபிளாஷ் அடித்துவிட்டு வந்த மாதிரி செய்தி பரவும். நான் பயன்படுத்தும் வடிவம் இது: “கறுப்புப் பசு, நகல். லாஸ்கோ 4, மொந்தின்யாக், பிரான்ஸ். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது.” படக்கோப்பின் உள்விவரத்திலும் இதே வரியை எழுதிவிடுங்கள். படம் எங்கே சுற்றினாலும் குறிப்பும் பெரும்பாலும் கூடவே போகும்.